சாவு வீட்டில் சத்தம் போட்ட பை

படங்குப்பை | ஹட்டன் | சனி இரவு 9.40

இதை எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியவில்லை. கெமராச் சாமான் பற்றியும்தான், செய்திப் படம் பற்றியும்தான். நீளமாகப் போகும், ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

நான் செய்திப் படக்காரன். நிரந்தர வேலை கிடையாது, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். மறியல், வேலைநிறுத்தம், மண்சரிவு, 2018 மார்ச்சில் கலவரத்தால் கண்டி, திகன பக்கம் ஊரடங்கு போட்டிருந்த நாட்கள், 2022இல் பெட்ரோல் வரிசையில் ஆரம்பித்து கொழும்பில் அரகலய என்ற மக்கள் போராட்டம் வரைக்கும். போர்முனைக்குப் போனதில்லை. வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அதனால் என்னைப் போர்ப் படக்காரன் என்று யாராவது சொன்னால் கூச்சமாக இருக்கும். கல் பறக்கிற ரோடு, புகைக்குண்டு விழுகிற சந்தி, சாவு வீட்டு வாசல், இவ்வளவுதான் என் வேலையிடம்.

இன்னொரு பக்கம் ஒரு பைத்தியம் உண்டு. கெமராப் பை. யாருடைய பை கையில் கிடைத்தாலும் உட்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டேன். இது சின்ன வயதுக் குணம். வேலையோடு ஒட்டிக்கொண்டது 2018 கடைசியில்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகத் தோட்டம் தோட்டமாகச் சனம் ரோட்டுக்கு வந்த நேரம் அது. அன்றைக்கு அடிப்படைச் சம்பளம் 500. ஒரு மறியலில் முன்னால் நின்று கோஷம் கொடுத்த பையனைப் படம் எடுத்தேன். மூன்று வாரம் கழித்து அவன் செத்துப்போனான். எப்படி என்பது இங்கே வேண்டாம். ஒரு பத்திரிகைக்காக அவன் வீடு இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போனேன். தப்படிக்கிறவர்கள் தப்பைத் தீயில் காய்ச்சுவதற்காக அடியை நிறுத்தினார்கள். வாசலில் அப்படியொரு அமைதி. அந்த நேரம் பார்த்துத்தான் நான் பை மூடியைத் திறந்தேன். வெல்க்ரோ. சர்ர்ரக்கென்று ஒரு சத்தம்.

தலைமாட்டில் இருந்த அம்மா திரும்பினார். கோபமில்லை. யாரோ கோடித்துணி கிழிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. என் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மறுபடி மகன் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

அந்த வாரமே டவுனில் த்ரீவீல் சீட்டும் ஹூட்டும் தைக்கிற அண்ணன் ஒருவரிடம் போய் நின்றேன். கொழும்புக்குத் தேயிலை ஏற்றிப்போன லொறியின் பழைய படங்கு, அதாவது தார்ப்பாய், ஒன்று கிடைத்தது. முதல் பை பார்க்கவும் சகிக்காது, வெறும் பையே இரண்டு கிலோவுக்கு மேல். இரண்டாவதில் சிப் போட்டோம். வட்டவளை மழையில் சேறு ஏறி மூன்றாம் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டது. மூன்றாவதில்தான் பித்தளைக் குமிழ். தோல் நாக்கில் ஒரு துளை, துளைக்கு மேலே சின்ன வெட்டு. குமிழ்மேல் வைத்து அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், விரலால் நெம்பினால் கழன்றுவிடும். சத்தமே கிடையாது. இப்போது ஓடுவது நாலாவது. உள்ளே மஞ்சள் துணி. கறுப்புத் துணிக்குள் கறுப்பு லென்ஸ் மூடியைத் தேடித் தடவியவர்களுக்கு ஏன் என்று புரியும். தோள் வார் பழைய வானின் சீட் பெல்ட் நாடா. மெழுகுதிரியும் தேன்மெழுகும் கலந்து தேய்த்து, தலைமுடி காயவைக்கிற மெஷினால் சூடு காட்டினால் படங்கு தண்ணீர் குடிக்காது.

போன வாரம் கூட வேலை செய்கிற ஒருவர் பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சனம் செத்துக் கிடக்கிற எடத்துக்குப் போறவனுக்குப் பித்தளைப் பொத்தான் கேக்குதா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடுகிறது. அடுத்தவர் துக்கத்தைப் படம் எடுத்துச் சாப்பிடுகிறவன் தன் சாமானை இப்படி ரசிக்கலாமா?

மூணுகால்_வண்டி | நுவரெலியா | சனி இரவு 9.58

ரசிக்கலாமோ கூடாதோ, பொத்தான் எங்கே வாங்கினீங்க அண்ணே?

படங்குப்பை | ஹட்டன் | சனி இரவு 10.03

உங்கள் ஊரில்தான். குதிரைச் சேணம் பழுதுபார்க்கிற ஒருவரிடம். ஆறு பொத்தான் கேட்டேன், இரண்டு தந்தார்.

பழைய_நிக்கான் | கண்டி | சனி இரவு 11.15

உங்கள் நண்பர் கேட்டதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவருக்கு ஏன் உறுத்துகிறது என்று தெரிகிறது.

படக்காரன் யுத்தத்துக்குப் போன நாள் முதலே சாமான்தான் தலைவலி. 1855இல் கிரைமியாவுக்குப் போன ரோஜர் ஃபென்டன், ஒரு வைன் வியாபாரியின் வண்டியை வாங்கி இருட்டறையாக மாற்றிக் குதிரை பூட்டிக் கொண்டுபோனார். கண்ணாடித் தட்டில் பூசிய மருந்து ஈரமாக இருக்கும்போதே எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம். வண்டிதான் அவருக்குக் கெமராப் பை.

நிக்கான் எஃப் 1959இல் வந்தது. அதன் கூரான முக்கோணத் தலைக்கு வடிவம் கொடுத்தவர் யுசாகு கமெகுரா, 1964 டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்தை வரைந்தவர். சுவரொட்டிக் கலைஞர் ஒருவர் தொட்ட கெமராதான் வியட்நாமெங்கும் படக்காரர்களின் கழுத்தில் தொங்கியது. கம்போடியாவில் பிரிட்டிஷ் போர்ப் படக்காரர் டொன் மக்கலினின் எஃப் ஒன்றில் துப்பாக்கி ரவை பாய்ந்து நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். வடிவமைப்பு உயிரைக் காத்தது என்று அதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். உலோகம் தடிப்பாக இருந்தது, ஆளுக்கு ஆயுசு கெட்டி.

அதே எஃப்பில் ஒரு முட்டாள்தனமும் இருந்தது. பிலிம் மாற்றப் போனால் பின்மூடி முழுசாகக் கழன்று கையோடு வரும். லைக்கா எம் வகைக்கு அடித்தட்டு கழன்று வரும். ஒரு கையில் கெமரா, ஒரு கையில் பிலிம், தட்டைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டியதுதான். எதிரே குண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1971இல் எஃப்2 வந்தபோதுதான் மூடிக்குக் கீல் வைத்தார்கள். ஒரு கீலுக்குப் பன்னிரண்டு வருஷம்! சாமானை ரசிப்பது என்று நான் சொல்வது அந்தக் கீலை. 1980 எஃப்3இல் இத்தாலிய கார் வடிவமைப்பாளர் ஜியுஜியாரோ போட்ட சிவப்புக் கோடு வேறு சங்கதி. அதுவும் எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

பைக்கு வருவோம். ஜிம் டோம்கி என்பவர் பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகைப் படக்காரர். 1970களின் நடுவில் கடைப் பெட்டிகள் சரிவராமல், தன் வேலைக்கென்று கன்வஸில் ஒரு பை செய்வித்தார். பக்கங்களில் மெத்தை கிடையாது, உடம்போடு மடங்கி ஒட்டிக்கொள்ளும். அதுதான் பத்திரிகைக்காரர் பையாகவே ஆகிப்போனது. பில்லிங்கம் 1973இல் இங்கிலாந்தில் தூண்டில்காரர்களுக்குப் பை தைக்க ஆரம்பித்த கம்பனி. நியூயோர்க்கில் படக்காரர்கள் அதை வாங்குகிறார்கள் என்பது அவர்களுக்கே சில வருஷம் கழித்துத்தான் தெரியும். மீன்பிடிக்கிறவன் நாளெல்லாம் மழையில் உட்கார்ந்திருப்பான் என்று தைத்தது. வட்டவளைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. திங்க் டேங்க் என்ற பைக் கம்பனியை 2005இல் தொடங்கியவர்களில் இரண்டு பேர் பை வடிவமைப்பாளர்கள், இரண்டு பேர் பத்திரிகைப் படக்காரர்கள். அதில் ஒருவரான டியான் ஃபிட்ஸ்மோரிஸ் அதே வருஷம் புலிட்சர் பரிசு வாங்கினார். குண்டுவெடிப்பில் படுகாயப்பட்டு ஓக்லண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்த ஈராக்கியச் சிறுவனின் படங்களுக்கு. அந்தப் பிள்ளையைப் பார்த்த கண்ணும் பைத் தையலைப் பார்த்த கண்ணும் ஒன்றுதான். ஆகவே தம்பி, உங்கள் பொத்தானுக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

கசப்புக்கோப்பி | மஸ்கெலியா | ஞாயிறு காலை 6.20

காலையிலேயே வயிறு எரிகிறது.

ரவை பாய்ந்த கெமராவின் பெயரும் தெரியும், அதைப் பிடித்திருந்தவர் பெயரும் தெரியும். அன்றைக்கு அந்த இடத்தில் விழுந்த கம்போடியாக்காரன் ஒருவன் பெயராவது இந்த இழையில் யாருக்காவது தெரியுமா? சாமான் பேச்சு எப்போதும் இப்படித்தான் போகும். செத்தவன் பின்னணி, கெமரா கதாநாயகன்.

நம் கதைக்கு வருகிறேன். 77 கலவரத்துக்குப் பிறகு இங்கேயிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய்க் காடு வெட்டிக் குடியேறிய தோட்டத்துச் சனம் எத்தனை ஆயிரம். என் பெரியப்பா குடும்பமும் அதில் ஒன்று. 2009 கடைசி யுத்தத்தில் அவர்களும் உள்ளேதான் இருந்தார்கள். வெளியிலிருந்து சுதந்திரமாக வேலை செய்ய ஒரு படக்காரரையும் விடவில்லை. உள்ளே அகப்பட்டவர்கள் சின்னக் கெமராவிலும் போனிலும் எடுத்ததைத்தான் உலகம் பார்த்தது. அந்தக் கெமராக்களுக்கு யார் பை தைத்தார்கள்? சாரத்தில் முடிந்து வைத்திருப்பார்கள்.

1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனும் அப்படித்தான். அந்த இடத்தில் அந்த நேரத்தில் எடுத்த ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. நல்ல பை இல்லாததால் போன படமில்லை அது. எடுக்க ஆள் இல்லை, எடுத்தால் போட ஆள் இல்லை.

2010இல் நியூயோர்க் டைம்ஸின் டேமன் வின்டர் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிப்பாய்களைப் போனில் எடுத்தார், முதல் பக்கத்தில் வந்தது. அதற்கும் சண்டை. செயலி பழைய பிலிம் மாதிரி நிறத்தை மாற்றிவிட்டதாம், யுத்தம் அழகாகத் தெரிகிறதாம். ஆக, பை இல்லாமல் போனாலும் அழகுப் பைத்தியம் போனுக்குள் ஏறிக்கொண்டு கூடவே வரும். எச்சரிக்கையாக இருங்கள் என்றுதான் சொல்கிறேன். கொழும்புக் கடைகளில் பட்டாளத்துப் பச்சையில், ஆயிரம் கொக்கி வைத்த பைகளை மாட்டிக்கொண்டு கோப்பி குடிக்கப் போகிறவர்களைப் பார்க்கிறேன். யுத்தம் ஒரு ஸ்டைல் ஆகிவிட்டது.

பழைய_நிக்கான் | கண்டி | ஞாயிறு காலை 8.05

பச்சைப் பை விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. 90களில் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தினால், பச்சைப் பை வைத்திருந்த தமிழன் கடைசியில்தான் ஏறுவான். சில நாள் ஏறவே மாட்டான்.

மற்றதற்கு பதில் இல்லை. கம்போடியாக்காரர் பெயர் எனக்குத் தெரியாது.

கூடைக்காரி | பண்டாரவளை | ஞாயிறு காலை 10.30

ஆம்பளைகள் சண்டை முடிந்ததா? நான் பதினாறு வருஷமாகச் செய்தி சேகரிக்கிறேன், படமும் நானே எடுப்பேன். பையில் இருக்கிற பிழையைச் சொல்ல வந்தேன்.

தம்பி, சீட் பெல்ட் நாடாவை முதலில் கழற்றுங்கள். அது ஆளைத் தாங்கச் செய்தது, அறுபடவே அறுபடாது. 2022இல் கூட்டத்துக்குள் ஒருவன் என் பை வாரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். கழுத்துக்குக் குறுக்கே போட்டிருந்தேன். நாலைந்து அடி பின்னாலேயே போனேன், கண் இருட்டிவிட்டது. பை போயிருந்தால் பரவாயில்லை, அது போகவில்லை என்பதுதான் பிரச்சினை. அதற்குப் பிறகு என் வாரில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி. தலைக்கவச வாருக்குப் போடுவது மாதிரி, இரண்டு விரலில் கழன்றுவிடும். பொம்பளைகளுக்கு இன்னொன்று. வார் நெஞ்சுக்கு நடுவில் போகிற மாதிரித் தைத்த பை எல்லாம் ஆண்கள் தைத்த பை. கூட்டத்தில் எங்களைப் பார்க்கிற பார்வையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. நான் இடுப்பில் கட்டுகிறேன்.

அம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவர். நீங்கள் எல்லாம் இங்கிலாந்து, இத்தாலி என்று போய்விட்டீர்கள். கூடையைப் பாருங்கள். கயிறு உச்சந்தலையில், பாரம் முதுகில், இரண்டு கையும் சும்மா இருக்கும். இரண்டு கையாலும் கிள்ளி, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிவார். திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு இலை வெளியே விழாது. கூடை வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த எறிதலுக்காக வந்த அளவு. கண் அடுத்த கொழுந்தில் இருக்கும், இல்லாவிட்டால் கால் வைக்கிற இடத்தில், அட்டையும் பாம்பும் இருக்கிற மலை அது. அப்புறம் கூடை போய் பொலித்தீன் சாக்கு வந்தது. லேசுதான், ஆனால் வாய் சுருங்கிக்கொள்ளும். அம்மா அந்தச் சாக்கைத் திட்டாத நாள் கிடையாது. யாரும் அம்மாவிடம் 'சாமானை ரசிக்கிறாயே' என்று கேட்கவில்லை, கோப்பி அண்ணே.

படம் எடுக்கும்போது நான் பையைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எதிரில் இருக்கிற ஆளை விட்டுக் கண்ணை எடுக்கிறேன். எனக்குப் பை விஷயம் அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இது விளையாட்டில்லை. வெளிப்பக்கத்தில் ஒரு சின்னப் பை வையுங்கள், இடது கையாலும் வலது கையாலும் எட்டுகிற இடத்தில். அதில் ரத்தம் நிறுத்துகிற கட்டு நாடா. 2011 ஏப்ரல் 20 லிபியாவின் மிஸ்ராத்தாவில் போர்ப் படக்காரர் டிம் ஹெதரிங்டன் செத்தது தொடையிலிருந்து ரத்தம் போய்த்தான். அதே தாக்குதலில் இன்னொரு படக்காரர் கிறிஸ் ஹொண்ட்ரோஸும் போனார். ஹெதரிங்டனின் நண்பர் செபாஸ்டியன் ஜங்கர் அதற்குப் பிறகுதான் சுயாதீனச் செய்தியாளர்களுக்கு முதலுதவி பழக்குவதற்கென்று ரிஸ்க் என்ற அமைப்பை ஆரம்பித்தார். நாடாவைப் பைக்கு அடியில் போட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. கட்டப் பழகாமல் வைத்திருப்பதும் அப்படியே.

படங்குப்பை | ஹட்டன் | ஞாயிறு காலை 11.12

அக்கா, வாரை இன்றைக்கே மாற்றுகிறேன். சீட் பெல்ட்டைப் போட்டபோது பலம், பலம் என்று மட்டும்தான் யோசித்தேன். வெளிப் பையும் வைக்கிறேன். முதலுதவி பழகியதில்லை, பழக வேண்டும்.

டீமேக்கர் | தலவாக்கலை | ஞாயிறு பகல் 2.45

இழையைத் தடம் மாற்றுகிறேன், மன்னிக்க வேண்டும். மெழுகு தேய்த்த படங்குப் பைக்குள் லென்ஸை வைத்து மூடிவிட்டு வீட்டில் தொங்கப் போடுகிறீர்கள் அல்லவா? இப்போதே எழுந்து போய் எடுங்கள்.

நான் தேயிலை பெக்டரியில் ஈரத்தோடு வாழ்கிறவன். அடுப்பிலிருந்து இறங்குகிற தூளில் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவில் இருக்க வேண்டும். கூடிப்போனால் வைத்த இடத்தில் கெட்டுவிடும். இலையை விட லென்ஸ் மோசம். காற்றின் ஈரப்பதம் அறுபது, எழுபதைத் தாண்டி நாள்கணக்காக நின்றால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி ஒரு நூல். அது வெளிவிடுகிற அமிலம் கண்ணாடியின் பூச்சைத் தின்னும், அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது. தென்மேற்குப் பருவத்தில் நம் பக்கம் ஈரம் என்ன கணக்கில் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, துவைத்த சட்டை மூன்று நாள் காயாது. நனைந்த கன்வஸும் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு அதுதான் மாமியார் வீடு.

கொழும்பில் மின்சார உலர் அலுமாரி விற்கிறார்கள், விலையைக் கேட்டு வந்துவிட்டேன். என்னிடம் இருப்பது தேயிலைப் பெட்டி. காகிதச் சாக்கு வருவதற்கு முன் தூள் அனுப்பினோமே, ப்ளைவுட், மூலைக்குத் தகரப் பட்டி, உள்ளே அலுமினியத் தாள், அதேதான். தூளுக்கு ஈரம் போகக்கூடாது என்று யோசித்துச் செய்த பெட்டி. மூடி விளிம்பில் ரப்பர் பட்டி ஒட்டினேன், உள்ளே அரைக்கிலோ சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. முள் 45க்கும் 50க்கும் நடுவில் நிற்கும். நாற்பதுக்குக் கீழே போகவிட வேண்டாம், ரப்பரும் எண்ணெயும் காய்ந்துவிடும். ஜெல் நிறம் மாறினால் ரொட்டிச் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறம் வரும். அந்தச் சட்டியில் மறுபடி ரொட்டி சுடாதீர்கள், வீட்டில் எனக்குக் கிடைத்த ஏச்சு உங்களுக்கு வேண்டாம். அரிசி போடுகிற வைத்தியமும் வேண்டாம், மாத்தூள் லென்ஸுக்குள் போகும்.

என் கெமரா நிக்கான் எஃப்எம்2. 1982 மொடல், பற்றரி செத்தாலும் ஷட்டர் அடிக்கும், ஒளிமானி மட்டும்தான் படுத்துக்கொள்ளும். மூடுபனியில் நான் எடுப்பது பெக்டரிப் புகைபோக்கியைத்தான், சண்டை சச்சரவெல்லாம் இல்லை. அதனால் மற்ற விவாதத்துக்கு வரவில்லை.

மூணுகால்_வண்டி | நுவரெலியா | ஞாயிறு பகல் 3.10

தேயிலைப் பெட்டி எங்கே வாங்கினீங்க அண்ணே?

பதுளை_ஸ்டூடியோ | பதுளை | ஞாயிறு இரவு 7.50

பேத்தி தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல. எழுத்துப் பிழை அவளுடையது.

தம்பிமாரே, நான் 1968இல் இருட்டறைக்குள் போனவன். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரனுக்குக் கல்யாணத்தை விடப் பெரிய வியாபாரம் பாஸ்போர்ட் படம். 1964 சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டத்துச் சனத்தை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்டது. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். தோட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக லொறியில் வந்து இறங்குவார்கள். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை. எல்லாரையும் ஒரே பலகையில் உட்காரவைத்து ஒவ்வொருவராக எடுப்பேன். ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏற வேண்டும். போகிறதுக்கு முன்னால் ஒரு குடும்பப் படமும் கேட்பார்கள். காசு பத்தாது. சில நேரம் எடுத்தேன், சில நேரம் எடுக்கவில்லை. எடுக்காததை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

யுத்தப் படம் என்கிறீர்கள். ஒரு சனத்தைப் பிடுங்கி எடுத்ததற்கு என்னிடம் இருந்த படம் முத்திரை அளவு.

பை எனக்குத் தெரியாது. என் கெமரா மரக்காலில் நின்றது, அது எங்கேயும் போகவில்லை. எனக்குத் தெரிந்த வேலைப்பாடு கழுவுவதுதான். ஹைப்போ என்ற நிலைநிறுத்தும் மருந்தில் போட்ட படத்தை ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுவ வேண்டும். பத்து நிமிஷத்தில் எடுத்துக் காயப் போட்டாலும் அன்றைக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். வாங்கிப் போகிறவனுக்கு வித்தியாசம் புரியாது. பத்து வருஷம் போனால் மண்ணிறமாகப் புள்ளி விழும், முகத்தைத் தின்னும். அவசரம் என்று பல பேர் அப்படிக் கொடுத்தார்கள். என் முதலாளி கையில் பிரம்பு வைத்திருந்தார், ஒரு மணி ஆகாமல் தொட்டியில் கை வைத்தால் அடி. அப்போது திட்டினேன் அவரை.

83 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்து போனது. கெமரா, மரக்கால், பதினைந்து வருஷத்து நெகட்டிவ், எல்லாம். இரண்டு மாதம் கழித்துச் சனம் வர ஆரம்பித்தது, புதுப் படம் எடுக்கவில்லை, 'ஐயா எங்க அப்பாவோட நெகட்டிவ் இருக்கா' என்று கேட்டு. வீடும் எரிந்து படமும் எரிந்த சனம். கை விரித்துக் காட்டினேன்.

2023இல் நம் சனம் இங்கே வந்து இருநூறு வருஷம், மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நேரம் ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தது. பாட்டியின் ட்ரங்குப் பெட்டியில் இருந்ததாம், ஐந்து பேர் படம். பின்னால் என் கடை முத்திரை, 1971. ஒரு புள்ளி இல்லை. மூக்குத்தி தெரிகிறது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எல்லாரும் படம் எடுக்கிற வரைக்கும்தான் சாமான் பேசுகிறீர்கள். எடுத்த பிறகு அது எங்கே போய் இருக்கிறது?

கசப்புக்கோப்பி | மஸ்கெலியா | ஞாயிறு இரவு 8.31

ஐயா, வணக்கம். உங்களுக்கு மேல் நான் பேசவில்லை.

படங்குப்பையிடம் ஒரே ஒரு கேள்வி. மறியலில் முன்னால் நின்ற பையனை எடுத்த படம். அதை அந்த அம்மாவுக்குக் கொடுத்தீர்களா?

படங்குப்பை | ஹட்டன் | ஞாயிறு இரவு 10.47

இல்லை.

பத்திரிகைக்கு அனுப்பினேன், ஒரு பத்தி அகலத்தில் வந்தது. அதோடு சரி. கோப்பு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நாலு பை தைத்திருக்கிறேன்.

கூடைக்காரி | பண்டாரவளை | ஞாயிறு இரவு 10.55

தம்பி, ராத்திரியில் உட்கார்ந்து உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுபோங்கள். போனில் காட்டிவிட்டு வராதீர்கள்.

படங்குப்பை | ஹட்டன் | அடுத்த ஞாயிறு மாலை 5.20

போய் வந்தேன். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு பிரதி போட்டேன். மழை. பையில் வைக்க இடமில்லை. நாலு பை தைத்தவன், ஒன்றிலும் காகிதம் மடங்காமல் வைக்க ஓர் இடம் விடவில்லை. சட்டைக்குள் அட்டையோடு வைத்துக்கொண்டு போனேன், ஒரு மூலை மடங்கிவிட்டது.

அம்மா பென்ஷன் வாங்கிவிட்டார், வீட்டில்தான் இருந்தார். என்னை ஞாபகமில்லை. படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பையன் வாயைத் திறந்து கோஷம் போடுகிற படம். "பல்லு தெரியுது பாரு" என்று மகளிடம் சொன்னார். முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்திருக்கும் அவனுக்கு. நான் அதுவரைக்கும் கவனித்ததில்லை. வீட்டில் இருக்கிற அடையாள அட்டைப் படத்தில் வாயை மூடியிருக்கிறான்.

பெரிய படம் சுவருக்கு வேண்டாமாம், புகையில் கெட்டுவிடும். சாமித்தட்டில் வைக்கிற அளவில் ஒன்றும், தங்கச்சி பர்ஸில் வைக்க ஒன்றும் கேட்டார்கள். அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்டூடியோ ஐயாவிடம் ஒரு கேள்வி: இங்க் அச்சு நம்ம ஈரத்தில் எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய மாதிரி இருட்டறையில் போட்டுத் தர முடியுமா, டிஜிட்டல் கோப்பிலிருந்து?

அஞ்சாவது பையில் முதுகுப் பக்கம் ஒரு தட்டைப் பை வருகிறது, உள்ளே பலகை வைத்து. தைக்கிற அண்ணன் பலகை அளவு கேட்கிறார். மெல்லிசாக இருக்க வேண்டும், மழைக்கு உப்பக்கூடாது.

பதுளை_ஸ்டூடியோ | பதுளை | அடுத்த ஞாயிறு மாலை 6.40

கோப்பை எதிர்ப்படமாக, நெகட்டிவ் மாதிரி, ஒளி ஊடுருவுகிற தாளில் அச்சிட்டுக் கொண்டு வாருங்கள், அதை வைத்துத் தாளோடு தாள் சேர்த்துப் போடலாம். காகிதம் கொஞ்சம் வைத்திருக்கிறேன், பழசு, முயற்சி செய்து பார்ப்போம். தொட்டியில் தண்ணீர் வருவது காலையில் மட்டும். ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்.

டீமேக்கர் | தலவாக்கலை | அடுத்த ஞாயிறு இரவு 7.02

பலகை வாங்க வேண்டாம். இன்னொரு தேயிலைப் பெட்டியின் மூடி என்னிடம் சும்மா கிடக்கிறது, ப்ளைவுட், மெல்லிசு. அலுமினியத் தாள் ஒரு பக்கம் ஒட்டியபடியே இருக்கிறது, அதை உரிக்காதீர்கள். பதுளை ரயில் இங்கே நிற்கும்போது ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து தருகிறேன். எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.